ஒரு பக்க பிரேக் ஷூ மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தில் இருந்து சேலத்துக்கு மாங்காய் லோடு அடிக்கும் சின்ன சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். போன வாரம் தொப்பூர் இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் பின்னால் வலது பக்க பிரேக் ஷூ ஈரமாக இருக்கிறது, இடது பக்கம் ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனர், அதாவது தேயும் பட்டை, இன்னும் பாதி மிச்சம். வலதை மட்டும் மாற்றினால் போதும், இடதை அடுத்த சீசனில் பார்க்கலாம் என்கிறார்கள் பட்டறையில். நம்பலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் பாதி தேய்ந்தது என்றால் பிடிப்பு சமமாக வராது, லோடோடு அழுத்திப் பிடிக்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒதுங்கும். ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த 'ஈரம்'. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புது ஷூவைப் போட்டால் அதுவும் ஒரே வாரத்தில் நனைந்துவிடும்.

ஷூவை மூடிக்கொண்டு சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் கசிவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் போயிருந்தால் பிரேக் ஆயில் வரும். ஆக்சில் ஆயில் சீல் போயிருந்தால் பின் அச்சின் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கிரவுன் ஆயில் வரும், அது கெட்டியாக, மூக்கைத் துளைக்கிற மாதிரி நாறும். சந்தேகமாக இருந்தால் விரலில் தொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் அலசிப் பாருங்கள்: பிரேக் ஆயில் கரைந்துவிடும், கிரவுன் ஆயில் மேலே மிதக்கும். எது கசிகிறதோ அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஷூவைத் தொட வேண்டும். நனைந்த லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெட்ரோலில் கழுவுவது எல்லாம் வேலைக்காகாது, உள்ளே ஊறிய எண்ணெய் சூடானதும் திரும்ப வெளியே வரும். நானும் ஒருகாலத்தில் தேய்த்து ஓட்டியவன்தான், இரண்டாம் நாளே பழைய கதை.

மாற்றும்போது ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள், அப்போதுதான் எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் எட்டிப் பார்க்க மறுபக்கம் இருக்கும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒரே டிரம்முக்குள் இருக்கும் முன் ஷூவுக்கும் பின் ஷூவுக்கும் லைனர் நீளம் மாறும் வண்டிகள் உண்டு, இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்தத் தூசி: பட்டறையில் ஏர் பிடித்து ஊதுவார்கள், ஊத விடாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். டிரம்மில் நகம் சிக்குகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடைசல் போட வேண்டும், அதற்கும் அளவு உண்டு, டிரம்மிலேயே அச்சடித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் புது டிரம்தான்.

சரி, கருகல் வாடை. நனைந்த லைனர் சூடேறினாலே அந்த வாடை வரும். ஆனால் தர்மபுரி தாண்டி இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் அதுவும் ஒரு காரணம், மொத்த எடையையும் பிரேக்கே தாங்குகிறது. இரண்டாவதோ மூன்றாவதோ கியரில், எஞ்சின் இழுத்துப் பிடிக்க இறங்குங்கள். பிரேக் ஆயிலை மாற்றி 2 வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

கேள்வி: புது ஷூ போட்டதும் டிரம் உள்ளே ஏறவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: தட்டாதீர்கள். பழைய ஷூ தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் விரிந்திருக்கும், அதை முழுசாகச் சுருக்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளையும் தளர்த்துங்கள். டிரம் ஏறியதும் சக்கரத்தைச் சுற்றி, லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பினால் சரி. வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள், முதல் மிதியில் தரை வரை போகும், பயப்பட வேண்டாம், ஆனால் கடைசி மிதியிலும் கெட்டியாகவில்லை என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள்.