நாய்க்குக் கல்: வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்கள் ஆறு வயது ஷி சூ பெண் நாய்க்குச் சிறுநீரில் இரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் கல் தெரிகிறது. சோற்றில் நெத்திலிக் கருவாடும் பசலைக்கீரையும் பிசைந்து கொடுக்கிறோம். வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் கல் கரையுமா?

பதில்: வேண்டாம். வாழைத்தண்டு நாயின் கல்லைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. கல்லின் வகை தெரியாமல் உணவை மாற்றுவதுதான் எனக்குப் பெருங்கவலை. ஒரு வகையைக் கரைக்கும் உணவு மற்றொன்றை வளர்த்துவிடலாம்.

பெண் நாய்களிடம் அதிகம் காணப்படுவது ஸ்ட்ரூவைட் என்னும் வகைக் கல். பெரும்பாலும் கிருமித் தொற்றே காரணம்: கிருமி யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு எதிரானது) மாற்றுகிறது, அதில் மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியமும் சேர்ந்து இறுகுகின்றன. ஆன்டிபயாட்டிக்கும் மருத்துவர் எழுதித் தரும் சிறப்பு உணவும் சேர்ந்தால் இது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கரைந்துவிடும். அதுவரை பாட்டி ஆசையோடு ஊட்டும் ஒரு வாய்ச் சோறுகூடக் கூடாது. பாதிச் சிகிச்சை அங்கேதான் வீணாகிறது.

கால்சியம் ஆக்சலேட் என்னும் இன்னொரு வகைக் கல் எந்த உணவுக்கும் கரையாது. வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஷி சூ இனத்தில் இதுவும் சகஜம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையோடு கிருமி வளர்ப்புச் சோதனையும் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா, எந்தக் கிருமி என்று பார்ப்பது) கேளுங்கள். உங்கள் கிளினிக்கில் வசதி இல்லையென்றால், செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அறுவைசிகிச்சை நடந்தால் எடுத்த கல்லைத் தூக்கி எறிய விடாதீர்கள்; பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லானாலும் தண்ணீர் உதவும். உலர் உணவில் ஏறத்தாழ 10% நீர்தான். டின்னில் வரும் ஈர உணவில் 75% அல்லது அதற்கும் மேல். முடிந்தால் ஈர உணவுக்கு மாறுங்கள், அதிலும் வெந்நீர் கலந்து கொடுங்கள். கோழி வேகவைத்த நீரும் நல்லதுதான், ஆனால் சிறப்பு உணவு தொடங்கியபின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே சேர்க்க வேண்டும். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தி என்ற அளவு) 1.020க்குக் கீழே இருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். கருவாட்டையும் ஆக்சலேட் மிகுந்த பசலையையும் இன்றே நிறுத்துங்கள்.

அடுக்குமாடி நாய்கள் காலை, மாலை என இரண்டு வேளைதான் வெளியே போகின்றன. அடக்கிவைத்த சிறுநீர் கல் வளர இடம் தருகிறது. நண்பகலிலும் படுக்கும் முன்பும் கீழே அழைத்துச் செல்லுங்கள்.

முக்கி முக்கி நின்றும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடைப்பு உயிரைப் பறிக்கும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.