சேற்றுப்புண்ணும் காய்ச்சலும்: கஷாயம் எத்தனை நாள்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருடமாக மருந்தடிக்காமல் இயற்கை விவசாயம் செய்கிறோம். வீட்டிலும் கூடியவரை கைவைத்தியம்தான். போன ஐப்பசியில், தாளடி நடவு சமயம், என் வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். இரண்டு பேருக்கும் நான்தான் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இவருக்கு மூன்றாம் நாள் விட்டுவிட்டது. அண்ணனுக்குக் கண் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்காமல், தஞ்சாவூரில் சேர்த்த பிறகு எலிக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அதிலிருந்து யாருக்கும் கஷாயம் கொடுக்கவே எனக்குக் கை வரவில்லை. என் மாமியார் 8 மாதப் பேரனுக்கு இருமல் வந்தால் தேனில் வசம்பு உரசி நாக்கில் தடவுகிறார். மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. சேற்றுப்புண் எல்லோருக்கும் இருக்கிறது. மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் போடுகிறோம். எதைச் செய்யலாம், எதை விடணும்?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் குழந்தை. மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம், தேனை இன்றே நிறுத்திவிடுங்கள் அம்மா. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் சப்ப முடியாமை, ஈனமான அழுகை, கழுத்து நிற்காமல் தொய்ந்துபோவது என்று நோய் தொடங்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகா. சுத்தமான மலைத்தேன், ஆர்கானிக் தேன் என்று வாங்கினாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஒரு வயது தாண்டிய பிறகு, இரவு இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் நல்ல மருந்து. நானே எழுதிக் கொடுக்கிறேன்.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லி வளர்ந்தவர் உங்கள் மாமியார். கையில் வளையமாகக் கட்டட்டும், சுட்டுக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் போடட்டும். நாக்கில் மட்டும் வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். நெஞ்சில் கற்பூரம் தடவுவதும் வேண்டாம். கைக்குழந்தைக்கு அது வலிப்பைக் கொண்டுவரும். சளி இருமலுக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

இனி உங்கள் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கஷாயம், ஒருவருக்குக் கேட்டது, ஒருவருக்குக் கேட்கவில்லை. உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் வந்தது வேறு வேறு நோய். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருந்திருக்கும். அது வெறும் கஞ்சி குடித்தாலும் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று 9 சரக்கு சேர்ந்தது. நான் அதற்கு எதிரி இல்லை. உடம்பு வலியும் வாய்க் குமட்டலுமாகக் கிடப்பவருக்கு அது ஓர் ஆறுதல். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுக்கச் சொல்வதில்லை. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமியை அது கொல்லாது. அதற்கு டாக்ஸிசைக்ளினோ பென்சிலினோதான் வேண்டும். டாக்ஸிசைக்ளின் மலிவான மாத்திரைதான். என்றாலும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அதனால் கஷாயத்துக்கு ஒரு கெடு வையுங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரை வரும் காய்ச்சலுக்கு என் கணக்கு இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையிலும் உடம்பு சுட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றும் முதல் இரண்டு நாள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சில அடையாளங்களுக்கு அந்த இரண்டு நாள் கெடுவும் கிடையாது. கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற வலி, கண் ரத்தமாகச் சிவப்பது, மூத்திரம் குறைவது என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். அக்குளிலோ இடுப்பிலோ பீடியால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சல். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். சூடு தணிந்தும் வயிறு வலித்து, வாந்தி நிற்காமல், ஈறு கசிந்து, ஆள் சோர்ந்து படுத்தால் தாமதிக்கக் கூடாது.

டாக்டர்களான எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றதும் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. டைக்ளோபினாக், புரூபென் வகை மருந்துகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். பாரசிட்டமால் போதும். அந்த ஊசியைவிட உங்கள் கஷாயம் எவ்வளவோ மேல்.

கீழாநெல்லியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நாள் கழிந்திருக்கிறது. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுவதால், கூட இருந்த கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்துவிட்டது. ஆனால் வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் அது அந்தக் காமாலைதான் என்று இருந்துவிடக் கூடாது. சில வருடத்துக்கு முன், ஆறு நாள் கீழாநெல்லி குடித்துவிட்டு மூத்திரமே நின்றுபோன ஒருவரை என்னிடம் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். டயாலிசிஸ் செய்துதான் மீட்டோம். காய்ச்சலோடு மஞ்சள் வந்தால் அம்மியைத் தொடாதீர்கள்.

தஞ்சையில் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியரும் ஆங்கில வைத்தியரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். இன்றும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. கஷாயத்தை அவர்களைக் கேட்டே குடிக்கலாம். ரத்தமும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

கடிதத்தில் கடைசியாக, போகிறபோக்கில் சொன்னீர்களே, சேற்றுப்புண், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எலி வரப்பில் வளை போடுகிறது, அதன் மூத்திரம் நடவு வயலின் தண்ணீரில் கலக்கிறது. கிருமி உள்ளே நுழையக் கதவு வேண்டும். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப் பிளந்த தோல்தான் அந்தக் கதவு. அந்த அண்ணனுக்கும் அப்படித்தான் நுழைந்திருக்கக்கூடும். கும்பகோணம் பக்கம் யானைக்கால் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொடையில் நெறி கட்டிக் குளிர் காய்ச்சல் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த விரலிடுக்குப் புண் வழியாகத்தான்.

மருதாணிக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு, மஞ்சளுக்கும் கொஞ்சம் உண்டு. என் குறை வேறு. இரண்டும் தோலுக்குச் சாயம் ஏற்றிவிடுகின்றன. அடியில் சிவப்புப் படர்வதும் சீழ் கோப்பதும் தெரிவதில்லை. ஈர விழுதை இரவெல்லாம் வைத்துக் கட்டினால், ஊறிய தோல் இன்னும் ஊறுகிறது. இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து உலர்த்துவது. வயலுக்குள் இறங்கும் முன் காலில் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். (வேப்பெண்ணெய் காலோடு இருக்கட்டும், குழந்தைக்கு வயிற்றுப் பூச்சிக்கென்று உள்ளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், மூளையைப் பாதிக்கும்.) கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரோடு நிறுத்தாமல் வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து, காற்றாட விடுங்கள். பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் பூசுங்கள். புண் ஆறியது போலத் தெரிந்தாலும் நான்கு வாரம் விடாமல் பூச வேண்டும். நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்க முடியாது, எனக்குத் தெரியும். வரப்பு வெட்டும்போதும் தண்ணீர் பாய்ச்சும்போதுமாவது போடலாம்.

உங்கள் மாமனாருக்கு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. சர்க்கரை உள்ளவருக்குக் கால் மரத்திருக்கலாம்; அப்படியானால் புண் எலும்புவரை போனாலும் வலிக்காது. வேப்பிலை போட்ட சுடுதண்ணீரில் கால் வைத்து, சூடு தெரியாமல் தோல் வெந்து வருகிறவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். வெந்தயம், பாகற்காய் சாப்பிடட்டும். சிறுகுறிஞ்சான் பொடி குடிக்கிறார் என்றால் அதை அவருடைய மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடலாம். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. இன்று சாயங்காலமே அவரை உட்கார வைத்து, டார்ச் அடித்து விரலிடுக்கைப் பாருங்கள். வெள்ளையாக ஊறியிருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, மருதாணி போட வேண்டாம். நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அவருக்கு வலியே இல்லை என்றாலும் அழைத்துப் போங்கள்.