கழுத்துக் கட்டி வற்றிவிட்டது, மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு மாதத்தில் தாடைக்குக் கீழே கல் போல ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்று சந்தேகப்பட்டார்கள். பயொப்சியில் (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) 'அக்டினோமைக்கோசிஸ்' என்று வந்தது. நாலு கிழமை ஊசி போட்டதில் வீக்கம் வற்றிவிட்டது. இன்னும் ஆறு மாதம் மாத்திரை போடச் சொல்கிறார்கள். தேவையா? இது தொற்றுமா? லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அம்மாவின் கோப்பையைத் தனியாக வைக்கிறார்கள்.

பதில்: முதலில் கோப்பை விஷயம். மகள், இன்று பின்னேரமே அதை மற்றக் கோப்பைகளோடு வையுங்கள். இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இந்த பக்டீரியா நம் வாயில், பல்லிடுக்கில் சும்மா இருப்பதுதான். சொத்தைப் பல், பல் பிடுங்கிய புண் என்று வழி கிடைத்தால் உள்ளே இறங்கி மெதுவாக வளரும். பெயரில் 'மைக்கோசிஸ்' (பூஞ்சண நோய்) என்று இருப்பதைப் பார்த்துப் பூஞ்சணம் என்று நினைக்க வேண்டாம். அது அந்தக் காலத்தில் தவறாக வைத்த பெயர்.

புற்றுநோயைச் சந்தேகித்ததில் பிழையில்லை. இந்த நோயில் காய்ச்சலும் வலியும் பெரிதாக இருக்காது. வீக்கமோ மரக்கட்டை போல இறுகியிருக்கும், ஸ்கேனில் பக்கத்துச் சதைக்குள்ளும் பரவியது போலத் தெரியும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிற நம் மலையகத்தில் டொக்டர் புற்றுநோயை நினைக்கத்தான் வேண்டும். காசநோய்க் கட்டியும் கழுத்தில் வரும். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, மருந்து. வீக்கம் வற்றியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமியைச் சுற்றித் தழும்பு போலத் தடித்த சதை வளர்ந்திருக்கும், அங்கே இரத்த ஓட்டம் குறைவு. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போய்ச் சேரும். அதனால்தான் பென்சிலின் ஊசி 2 முதல் 6 கிழமை, பிறகு மாத்திரை 6 முதல் 12 மாதம் என்று கொடுப்பது வழக்கம். காலத்தைக் குறைப்பதானால் அதை அம்மாவைப் பார்க்கிற டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். நாள் சம்பளம் போகுமே என்று கிளினிக் நாளை விட்டுவிடும் அம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்படும். பாதியில் விட்டால் கட்டி திரும்ப வரலாம், அப்புறம் ஊசியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மிச்சமுள்ள சொத்தைப் பற்களைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டி உடைந்து சீழ் வடிந்தால், கட்டுத்துணியில் ரவை போல மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கலாம். அவை பக்டீரியாக் கூட்டம். எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால், மாத்திரை போட்டதும் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.