வாலிபால் ஆடும் முன் என்ன வார்ம்-அப் செய்தால் உயரமாகக் குதிக்கலாம்?

மேட்ச்சுக்கு முன் நன்றாக ஸ்ட்ரெச் செய்தும் ஜம்ப் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்த ஸ்ட்ரெச்சில்தான். ஒரு தசையை 60 வினாடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் விசை சற்றுக் குறைகிறது. அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 5 நிமிடம், நெற்றியில் வியர்வை துளிர்க்கும் வரை மெல்ல ஓடுங்கள். தசை சூடானால்தான் வேகமாகச் சுருங்கும். அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுவது, நடந்தபடியே லஞ்சஸ் (ஒரு காலை முன்னே எட்டி வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது), முழங்காலை உயர்த்தி ஓடுவது, எல்லாம் பத்துப் பத்து தடவை போதும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். குதிக்கப் போகிறவர் குதித்துத்தான் தயாராக வேண்டும்! பாதி உயரத்துக்கு 5 தடவை, முக்கால் உயரத்துக்கு 3 தடவை, கடைசியில் முழு பலத்தோடு 3 தடவை. முழு பலத்தோடு குதிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் நில்லுங்கள். மூச்சு இரைக்கும் அளவுக்குப் போகக் கூடாது. கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் மேலே வீசுங்கள். கைவீச்சு மட்டுமே ஏறத்தாழ 10 சதவீத உயரம் தரும்.

இறங்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். 'தொம்' என்று கேட்டால் அடி முழங்காலுக்குப் போகிறது. முன்பாதம் முதலில் பட்டு, முழங்காலும் இடுப்பும் மடங்கி, பூனை மாதிரி இறங்க வேண்டும். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலித்தால் அன்றைக்குக் குதிக்கவே வேண்டாம்.

சரி, பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார நேர்ந்தால்? சூடு ஆறிவிடும். உள்ளே போகும் முன் கொஞ்சம் ஓடி, மறுபடி நாலைந்து தடவை குதித்துவிட்டுப் போங்கள்.