கார் ஷெட் கதவு கோணலாக நின்றால் கேபிளைத் தொடாதீர்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே, வெளிநாட்டில் இருக்கும் மகன் கட்டிய வீட்டில் நானும் மனைவியும் வசிக்கிறோம். கார் ஷெட்டுக்கு ரிமோட்டில் மேலே ஏறும் பலகைக் கதவு. நேற்று மாலை பாதி ஏறும்போது பெரிய சத்தம். இடப்பக்கக் கேபிள் அறுந்து, கதவு ஒருபுறம் சரிந்து நிற்கிறது. கார் உள்ளே. இரவில் கரடி நடமாட்டம் வேறு. கிளாம்ப் போட்டு இணைத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர். தொலைபேசியில் பேசிய கோவைக்காரர் ஒருவர் கதவு, மோட்டார் இரண்டையுமே மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் ஐயா. முதலில் இன்றிரவுக்கான வேலையைப் பாருங்கள்.

ஷெட்டுக்குப் போகும் மின்சாரத்தை வீட்டு மெயின் போர்டிலேயே அணைத்துவிடுங்கள். ரிமோட் யார் யாரிடம் இருக்கிறதோ எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வையுங்கள். ஒரு கேபிள் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால், சரிந்த கதவு தண்டவாளத்தை விட்டே பிதுங்கி வந்துவிடும். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்காதீர்கள். மின்வெட்டின்போது இழுக்கச் சொல்லிக் கொடுத்த கயிறு என்பதால், கதவு சிக்கினாலும் கை அதற்குத்தான் போகும். அந்தக் கயிறு கதவை மோட்டாரிலிருந்து விடுவித்துவிடும். இப்போது உங்கள் கதவைத் தாங்கி நிற்பது மிச்சமிருக்கும் ஒரு கேபிளும் அந்த மோட்டாரும்தான். கதவு முழுவதும் இறங்கித் தரையில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே அந்தக் கயிற்றைத் தொடலாம்.

வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வழி இருந்தால், அதன் வழியே போய், சரிந்திருக்கும் இடப்பக்கத்தின் அடியில் ஒரு கனமான சில்வர் ஓக் கட்டையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அடித்து இறுக்க வேண்டாம். கதவு நழுவினால் அதன்மேல் உட்காரட்டும், அவ்வளவுதான். வைப்பவர் பக்கச் சுவரோரம் நிற்க வேண்டும், கதவுக்கு நேர் கீழே அல்ல. அறுபடாத கேபிள் இருக்கும் வலப்பக்கம் போகவே கூடாது. உள்வழி இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். வெளியே குறுக்காக நான்கு நாற்காலியைப் போட்டு யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடிக்குப் பயந்து இன்றிரவே கதவை இறக்கிவிட நினைப்பதுதான் பெரிய ஆபத்து. உள்வழியாகப் போக முடிந்தால் எண்ணெய், மாவு, நாய்த் தீனி, குப்பைக்கூடை எதுவும் ஷெட்டில் இல்லாமல் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் வரும் கதவைத் தாழிடுங்கள். வாசல் விளக்கு எரியட்டும். கார் ஓரிரு நாள் அங்கேயே இருக்கட்டும். அவசரமென்றால் வாடகைக் காரை அழையுங்கள். சரிந்த கதவின் கீழே காரை ஓட்டி வெளியே எடுக்கும் விபரீத முயற்சி மட்டும் வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கதவைத் தூக்குவது மோட்டார் என்று பலர் நம்புகிறார்கள். தூக்குவது வாசலுக்கு மேலே தண்டில் கோத்திருக்கும் முறுக்கு ஸ்பிரிங். கிணற்று ஏற்றத்தின் மறுமுனை எடை தண்ணீர் வாளியை மேலே கொண்டுவருவதுபோல, அந்த ஸ்பிரிங்கின் முறுக்குதான் கதவின் எடையைச் சமன் செய்கிறது. இரண்டு கார் அகலமுள்ள, நுரை அடைத்த எஃகுக் கதவு நூறு கிலோவை ஒட்டி வரும். தண்டின் இரு முனையிலும் உள்ள டிரம்களில் சுற்றி, கதவின் அடி மூலையில் வந்து மாட்டும் கேபிள்கள் வழியாகத்தான் அந்தச் சக்தி கதவுக்குப் போகிறது. ஒன்று அறுந்ததும் மற்றதன் மேல் மொத்தச் சுமையும் ஏறிவிட்டது. அடி மூலைப் பட்டையிலுள்ள திருகுகளைத் தளர்த்தினால் அந்தச் சக்தி முழுவதும் அவிழ்ப்பவர் முகத்தை நோக்கி வரும். பல கதவுகளில் அந்தத் திருகுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பது அதற்காகத்தான்.

எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கிறார்களே என்பீர்கள். ஒட்டியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். தினமும் அந்தக் கதவின் கீழ் நிற்பவர்கள் ஓட்டுநரும் காவலாளியும் தோட்டக்காரரும். அவர்கள் படிக்க ஒரு வரி தமிழ் இல்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டு ஒயரிங்குக்குக் கம்பியாள் உரிமம் கேட்கிறோம். லிஃப்டுக்குத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. தலைக்கு மேல் நூறு கிலோவைத் தொங்கவிடும் கதவைப் பழுதுபார்க்க மட்டும் ஸ்பேனர் கையில் இருந்தால் போதும்.

கிளாம்ப் யோசனைக்கு வருகிறேன். பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேபிள் டிரம்மின் வெட்டுப் பள்ளங்களில் ஒவ்வொரு சுற்றாகப் படிந்து ஏற வேண்டும். முடிச்சோ கிளாம்போ அந்தப் பள்ளத்தில் உட்காராது. கேபிள் வழுக்கி வெளியே குதிக்கும், கதவு மறுபடி சரியும். இரு சக்கர வாகனத்தின் கிளட்ச் கம்பியைப் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. அது இந்தச் சுமைக்குச் செய்த கம்பியே அல்ல. இந்தக் கதவுகளுக்கென வரும் நல்ல கேபிளில் ஏழு புரிகள், புரிக்கு 19 கம்பி, ஆக 133 கம்பிகள் இருக்கும். டிரம்மில் வளைந்து வளைந்து நிமிர்வதற்காகவே அப்படி முறுக்குகிறார்கள்.

உங்கள் கேபிள் அறுந்தது பெரும்பாலும் துருவால். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும். அது ஓய்ந்தாலும் பனிமூட்டம் விடுவதில்லை. கார் கழுவும் தண்ணீரும் சேர்ந்து அடி மூலையில் தேங்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் கம்பி, அங்கே புரிக்குள் அரித்துப்போயிருக்கும். சமவெளிக்குப் போடும் அதே சாமான்களை மலையிலும் மாட்டிவிட்டு, பராமரிப்புத் தாள்கூடத் தராமல் ஒப்பந்ததாரர்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள். வலப்பக்கக் கேபிளும் அதே வயது, அதே ஈரம். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முடிந்தால் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள்.

கதவையும் மோட்டாரையும் மாற்றச் சொன்னவர் நேரில் பார்க்காமலே சொன்னார் அல்லவா? இணையத்தில் தேடினால் முதலில் வரும் எண்களில் பல இடைத்தரகர்களுடையவை. வேலை செய்பவர் வேறொருவர், நடுவில் கமிஷன். கேபிள் அறுந்ததால் மோட்டார் கெடுவதில்லை. ஸ்பிரிங்கும் போய்விட்டது என்று அடுத்துச் சொல்வார்கள். எட்ட நின்று சுருளைப் பாருங்கள்: அறுந்த ஸ்பிரிங்கில் இரண்டு விரல் அகலத்துக்காவது இடைவெளி தெரியும். தெரியாவிட்டால் அது அறுபடவில்லை. பழையதா என்று மட்டும் கேளுங்கள். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 ஏற்ற இறக்கத்துக்குச் செய்தது. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏறக்குறைய ஏழு ஆண்டு.

பில்லில் ‘இ-பாஸ் செலவு’ என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மலையேறி வரும் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள், அது நியாயம். ஏமாற்றப்பட்டால் ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டிலேயே கேபிளை மாற்றவே முடியாதா என்றால், ஒரே ஒரு வகைக் கதவில் முடியும். அதில் முறுக்கு ஸ்பிரிங் இருக்காது; இரண்டு பக்கமும் கிடைமட்டத் தண்டவாளத்தை ஒட்டி நீளும் ஸ்பிரிங்குகள் இருக்கும். அந்தக் கதவு முழுவதும் மேலே ஏறி நிற்கும்போது ஸ்பிரிங் சுருங்கித் தளர்ந்திருக்கும். அப்போது, மின்சாரத்தைத் துண்டித்து, இரு தண்டவாளத்திலும் ரோலருக்குக் கீழே சி-கிளாம்ப் இறுக்கி, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்தால் தளர்வாக ஆடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, கைப்பழக்கமுள்ளவர் மாற்றலாம். முக்கால்வாசி ஏறியது போதாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சரிந்திருந்தால் கூடாது. ஸ்பிரிங் அறுந்தாலும் பறக்காமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பி அதற்குள்ளே ஓடாவிட்டால் அதையும் சேர்த்துப் போடாமல் கதவை இறக்கக் கூடாது. உங்களுடையது பாதியில் சரிந்து நிற்பதால் எந்த வகையானாலும் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆளை அழைக்கும்போது கதவின் உயரம், அகலம், கதவைப் பொருத்தியவர் தந்த பில், தள்ளி நின்று எடுத்த டிரம்மின் படம் ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்புங்கள். கேபிளின் நீளம் கதவின் உயரத்தைப் பொறுத்தது. தெரியாமல் வந்தால் வெறுங்கையோடு மலையிறங்கிப் போவார். ஸ்பிரிங்கை முறுக்க அளவான இரண்டு எஃகுக் கம்பிகள் கொண்டுவருகிறாரா என்றும் கேளுங்கள். ஸ்குரூடிரைவரை நுழைத்து முறுக்க முனைந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கதவு முழுவதும் இறங்கிய நிலையில் சிவப்புக் கயிற்றை அவரையே இழுக்கச் சொல்லி, கையால் இடுப்பளவு தூக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். இறங்கினாலோ தானாக மேலே ஏறினாலோ ஸ்பிரிங் சரியாக முறுக்கப்படவில்லை. அதைத் திருத்திய பிறகே பணம் கொடுங்கள்.