மஞ்சள் ஏறின வெட்டுப்பலகைக்கு என்ன வழி? – கேள்வி பதில்

செல்லூர்ல 22 வருஷமா விசேஷங்களுக்குச் சமைச்சுக் கொடுக்கிறேன். எங்க சமையல்கூடத்துல பிளாஸ்டிக் பலகை தினமும் புழங்குது. கறை பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

திருமங்கலத்திலிருந்து: அக்கா, மசாலா தடவுன கோழியை வெட்டினதிலிருந்து வெள்ளைப் பலகை மஞ்சளாவே நிக்குது. கை வலிக்கத் தேய்ச்சும் போகலை.

தேய்க்கிறதை நிறுத்துங்க தங்கச்சி. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, பத்து நிமிஷம் விட்டு, பழைய வேட்டித் துணியால துடைங்க. துணியில மஞ்சள் இறங்குறதைக் கண்ணாலயே பார்க்கலாம். அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுப் பிசுக்குப் போகக் கழுவிடுங்க.

மிச்சத்தை நம்ம ஊர் வெயில் பார்த்துக்கும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டா சிதைஞ்சு நிறம் போயிடும். ஒரு சித்திரை மாசம் மொட்டைமாடியில பலகையைக் காயவச்சு, காத்து தூக்கிடாம இருக்க மேல தண்ணியோட ஒரு எவர்சில்வர் டம்ளரை வச்சிருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தா பலகை பூரா வெளுத்திருக்கு, டம்ளர் இருந்த இடத்துல மட்டும் கச்சிதமா ஒரு மஞ்சள் வட்டம். அன்னைக்கிலிருந்து மஞ்சள் கறைக்கு நான் வேற மருந்து தேடலை. ஒருநாள் போதலைன்னா ரெண்டாவது நாளும் வைங்க. ஆனா வாரக்கணக்கா மாடியிலேயே போட்டுடாதீங்க, பிளாஸ்டிக் மொறுமொறுன்னு உடைய ஆரம்பிச்சுடும்.

மேலூரிலிருந்து: சோப்புத்தூள் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பா மாறிடுச்சு. பலகை கெட்டுப்போச்சா அக்கா?

கெடலை, பயப்படாதீங்க. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் சிவக்குதுல்ல, அதேதான் இது. சோப்புத்தூள்லயும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை இருக்கு. அலசிட்டு அரை மூடி எலுமிச்சையைத் தேய்ங்க, பழைய மஞ்சளுக்கு வந்துடும். அப்புறம் எண்ணெய், வெயில்.

சோழவந்தானிலிருந்து: வாழைப்பூவும் வாழைக்காயும் அடிக்கடி செய்வோம். பலகையில பழுப்புக் கறை.

வாழையோட பால் காத்து பட்டா கருக்கும். வந்த பிறகு எடுக்கிறதைவிட வராம பார்க்கிறது லேசு. கையிலயும் கத்தியிலயும் பலகையிலயும் எண்ணெய் தொட்டுக்கிட்டு நறுக்குங்க, முடிஞ்ச கையோட கழுவிடுங்க. பழைய கறைக்கு ஆப்ப சோடாவைத் தண்ணி விட்டுக் குழைச்சு, கெட்டியாப் பூசி, அரை மணி நேரம் கழிச்சுத் தேங்காய் நாரால மெதுவாத் தேய்ங்க. இரும்புக் கத்தியால கருநீலமா விழுற கறைன்னா எலுமிச்சையும் உப்பும் போதும். பீட்ரூட் பற்றி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது தண்ணியில கரையிற நிறம், காயவிடாம கழுவினாலே போயிடும்.

மாட்டுத்தாவணி பக்கம் மெஸ் நடத்துறவர்: பிளீச் போடலாமாம்மா? எவ்வளவு?

போடலாம்ண்ணே. கறிப் பலகைக்கு அவசியமும்கூட. ஆனா முதல்ல சோப்பு போட்டுச் சுத்தமாக் கழுவணும். கறித்துணுக்கும் கொழுப்பும் ஒட்டியிருந்தா பிளீச்சோட சக்தி பூரா அதுலயே தீர்ந்துடும். அப்புறம் வெள்ளைத் துணிக்குப் போடுற, வாசனை சேர்க்காத பிளீச் திரவம் 15 மில்லியை 4 லிட்டர் பச்சைத்தண்ணியில கலந்து, பத்து நிமிஷம் பலகையை முக்கி வைங்க. எடுத்து நல்லா அலசிக் காயவைங்க. வெந்நீர் வேண்டாம்.

இன்னொண்ணு, இதைத் தயவுசெஞ்சு உங்க வேலையாட்கள் எல்லாருக்கும் சொல்லுங்க. பிளீச்சோட எலுமிச்சை, வினிகர், கக்கூஸ் கழுவுற ஆசிட் எதுவும் சேரக்கூடாது. சேர்ந்தா குளோரின் வாயு வரும். எங்க கூடத்துல ஒரு பொண்ணு, கறை சீக்கிரம் போகட்டும்னு பிளீச் வாளியில எலுமிச்சையைப் பிழிஞ்சிடுச்சு. நல்லதுக்குத்தான் செஞ்சது. கண்ணெல்லாம் எரிஞ்சு, இருமல் நிக்காம, எல்லாரையும் வெளியில கூட்டிட்டு வந்து ஜன்னல் பூராத் திறந்துவிட்டோம். அதுவரைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. இப்ப புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் பாடமே இதுதான்.

வாடிப்பட்டியிலிருந்து: கம்பி நாரால தேய்ச்சா பளிச்சுன்னு ஆகுது. தொடரலாமா?

வேண்டாம்மா. கறையைப் பார்த்து எல்லாரும் பதறுறீங்க, நான் பதறுறது கீறலைப் பார்த்துத்தான். மஞ்சள் நிறம் யாருக்கும் வயித்துவலி கொடுக்காது. கத்தி போட்ட கோட்டுக்குள்ள கறித்தண்ணி இறங்கி நிக்குது பாருங்க, அங்கதான் கிருமி வளரும். கம்பி நார் அந்த மாதிரிக் கோடுகளை இன்னும் அதிகமாக்கும், அடுத்த தடவை கறையும் இன்னும் ஆழமா இறங்கும். விரல் நகத்தை வச்சுப் பலகைமேல இழுத்துப் பாருங்க. நகம் அங்கங்க மாட்டி நின்னா, கழுவிச் சுத்தமாக்கிடலாம்னு நம்பாதீங்க, மாத்திடுங்க. அந்த நிலைமையில பிளாஸ்டிக் துகளும் உதிர்ந்து காயோட சேருது.

உசிலம்பட்டியிலிருந்து: ஐப்பசி மழையில பலகை ஓரத்துல கறுப்புப் புள்ளி வந்திருக்கு.

அது கறை இல்லை, பூஞ்சணம். மேல சொன்ன பிளீச் தண்ணியில முக்குங்க. அதுக்கும் போகலைன்னா உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம், தூக்கிப் போடுங்க. ஈரத்தோட சுவத்துல ஒட்டிச் சாய்ச்சு வைக்காம, ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி நிறுத்தி வைங்க.

அதே ஊர், இன்னொருத்தர்: கொதிக்கிற தண்ணி ஊத்தினேன், பலகை வளைஞ்சு போச்சு.

பின்னாடி முக்கோணத்துக்குள்ள 2ன்னு இருந்தா பாலிஎத்திலீன், கொதிநீருக்கு நெளியும். 5ன்னா பாலிபுரொப்பிலீன், கொஞ்சம் தாங்கும். வளைஞ்சதைச் சூடான தண்ணியில நனைச்சு, சமதரையில வச்சு, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வைங்க. ராத்திரி பூரா இருக்கட்டும். பெரும்பாலும் நேராயிடும்.

நெல்பேட்டையிலிருந்து: பிளாஸ்டிக்கே வேண்டாம்னு தோணுது. கறிக்கடைக்காரங்க மாதிரி மரக்கட்டைக்கு மாறலாமா?

தாராளமா மாறலாம். கறிக்கடையில இருக்கிறது புளியங்கட்டை. கெட்டியான மரம், கத்தி அடியைத் தாங்கும். ஆனா மரத்தைத் தண்ணியில ஊறப்போடக் கூடாது, வெடிச்சுடும். கழுவினதும் துடைச்சு, நிழல்ல நிறுத்திக் காயவிடணும். என் வீட்டுல காய்க்குப் புளியமரப் பலகை, கறிக்கும் மீனுக்கும் பிளாஸ்டிக். கீரையும் வெண்டைக்காயும் நறுக்க எங்கம்மா கொடுத்த அரிவாமணை. அதுக்குப் பலகையே தேவையில்லை, கறைக்கும் இடமில்லை.