ஆந்தைக்கு 300, உங்களுக்கு எவ்வளவு?

கேள்வி: அலுவலகம் முடிந்து வந்ததும் இரவில் மரச்சிற்பம் செதுக்குவது என் பழக்கம். ஆந்தை, ஆமை, மனித முகம் என்று செய்வேன். பார்த்தவர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்து, இப்போது மாதம் இரண்டு ஆந்தைகள் விற்கின்றன. மரத்தின் விலையைப் போல மூன்று மடங்கு வைத்து விற்கிறேன். இரண்டு பங்கு லாபம் நிற்கிறது. மரம் அறுக்கும் பேண்ட் சா இயந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கினால் வேகம் கூடும், இரண்டு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா? வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் ஒரு சிலை கேட்கிறார். அதை ஒப்புக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இயந்திரம் இப்போது வேண்டாம். கடன் கெட்டது என்பதால் சொல்லவில்லை. நீங்கள் லாபம் என்று நினைப்பது லாபமே இல்லை.

கடிதத்தோடு ஆந்தையின் செலவுக் குறிப்பையும் அனுப்பியிருந்தீர்கள். அதை வைத்தே பார்ப்போம். மரக்கட்டை 100 என்று வைத்துக்கொண்டால் விற்பனை விலை 300. உப்புத்தாள், எண்ணெய், பாலிஷ் 25. உளி தீட்டுவது, தேய்மானம் 15. பெட்டி கட்டி அனுப்ப 50. ஆன்லைன் கடைக்கு 20 சதவீதம் கமிஷன், அதாவது 60. மிச்சம் 50. இதோடு முடியவில்லை. ஐந்து கட்டை வாங்கினால் ஒன்று வெடித்துப் போகிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டையின் காசை மற்ற நான்குதான் சுமக்க வேண்டும். ஆக ஒரு ஆந்தைக்கு மரச்செலவு 125, கையில் நிற்பது வெறும் 25. ஒன்றைச் செதுக்க 18 மணி நேரம். மணிக்கு ஒன்றரைகூடத் தேறவில்லை. இதே அளவுகோலில் உங்கள் அலுவலகச் சம்பளம் மணிக்கு 12.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். அதன் விலை இதே அளவுகோலில் 2,400. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 113 கட்ட வேண்டும். பேண்ட் சா மிச்சப்படுத்துவது முரட்டு வெட்டு, அதாவது கட்டையைத் தோராயமாக உருவத்துக்கு அறுக்கும் நேரத்தை மட்டும்தான். உங்கள் குறிப்புப்படி அது நான்கு மணி நேரம்; இயந்திரம் வந்தால் ஒரு மணி நேரமாகும். இறகின் வரி, கண், அலகு எல்லாம் உளியில்தான், அந்த நேரம் அப்படியே இருக்கும். இப்போது மாதம் 36 மணி நேரம் உழைக்கிறீர்கள். அதே உழைப்பில் இரண்டுக்குப் பதில் சராசரியாக 2.4 ஆந்தை வரும். வருமானம் 50-லிருந்து 60 ஆகும், தவணை 113. முரட்டு வெட்டை மட்டும் பக்கத்து மரப் பட்டறையில் கூலி கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். எத்தனை கட்டை என்று மாதாமாதம் குறித்து வாருங்கள். அந்தக் கூலி தவணையைத் தொடும் நாளில் இயந்திரத்தைப் பற்றி மறுபடியும் பேசலாம். அப்போதும் முதலில் வாங்க வேண்டியது தூசி உறிஞ்சியும் நல்ல முகமூடியும்தான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை.

சரி, ஆந்தையை என்ன விலைக்கு விற்கலாம்? செலவு 215, அதாவது 125, 25, 15, 50. உழைப்பு 18 மணி, மணிக்கு 12 வீதம் 216. இரண்டும் சேர்ந்து 431. கமிஷனுக்காக இதோடு 20 சதவீதம் கூட்டினால் 517 வரும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கமிஷன் விற்பனை விலையிலிருந்து பிடிக்கப்படுகிறது, அதனால் 431-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 540. கேலரியில் வைத்தால் அவர்கள் பாதி வரைகூட எடுத்துக்கொள்வதுண்டு, அப்போது விலை இன்னும் ஏறும்.

540-க்கு யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும் வாங்க மாட்டார்கள்தான். வருடத்துக்கு நாலைந்து பேர் போதும். ஆனால் அவர்கள் கேட்ட பிறகு செய்யுங்கள், பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு. இப்போது அலமாரியில் விற்காமல் நிற்கும் சிற்பங்கள் ஒவ்வொன்றும் உங்கள் பணம்தான், வட்டியில்லாமல் தூங்குகிறது. மற்ற இரவுகளில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்னப் பொருட்களைச் செய்து பாருங்கள்: சாவிக் கொத்துப் பறவை, கரண்டி, சின்ன முகம். ஒரே பலகையில் ஆறு உருவம் வரைந்து, ஆறையும் ஒன்றாக வெட்டி, ஒன்றாகத் தேய்த்தால் நேரம் நன்றாகக் குறையும். சலிப்பான வேலை என்று உங்கள் கை சொல்லும், அதுவும் நியாயம்தான். பொழுதுபோக்காகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. அப்போது இயந்திரம் வாங்கும் காசை வீட்டுச் செலவில் எழுதுங்கள், முதலீடு என்று எழுதாதீர்கள்.

வெடிக்கும் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பணம் அதிகம் ஒழுகும் இடம் அது. பச்சை மரம் மலிவு. ஆனால் காற்றில் உலர ஒரு அங்குலத் தடிமனுக்குச் சுமார் ஒரு வருடம் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. அதுவரை போட்ட காசு முடங்கும். முனைகள் வழியாக ஈரம் வேகமாகப் போவதால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வாங்கிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ தடவுங்கள். பெரிய உருவத்துக்கு உலர்ந்த சின்னக் கட்டைகளை ஒட்டிச் செதுக்கலாம். ஜப்பானின் ஊஜியில் உள்ள பியோடோயின் கோயிலில், ஜோச்சோ என்ற சிற்பி 1053-ல் முடித்த அமிதாப புத்தர் அப்படிப் பல துண்டுகளை இணைத்து உள்ளே குடைந்து செய்ததுதான். வெடிப்பு குறையும், பெரிய அடிமரமும் தேவைப்படாது.

இன்னொன்று. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வீட்டில் தொழில் நடந்தால் வீட்டுக் காப்பீடு செல்லுமா என்று பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஈட்டி மர ஆர்டரை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஈட்டி மரம் டால்பெர்ஜியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்ஸ் உடன்படிக்கையின் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த பொருளில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால் 2019-ல் விலக்கு தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்றால் அனுமதிச் சான்று வேண்டும். இரு நாட்டுச் சட்டமும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் முன்பணம் வாங்கும் முன்பே வனத்துறையிலும் சுங்கத்திலும் கேட்டுவிடுங்கள். வேறு மரத்தில் செய்தால் போதுமா என்று அவரிடமே கேட்பது இன்னும் சுலபம். கூரியர் கட்டணத்தை எடையை மட்டும் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். அப்படி வரும் கிலோ கணக்கு, உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். பெட்டி 6 மில்லிமீட்டரைவிடத் தடிமனான சாதாரண மரப் பலகையில் இருந்தால் வெப்பப் பதப்படுத்தல் முத்திரை கேட்பார்கள். பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.